பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது?

கடிதம் எழுதிய பெண்ணுக்கு 24 வயது. நர்சிங் பட்டம் முடித்துத் தீவிர மனநல வார்டில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. பத்து நாள் வார்டைச் சுற்றிக் காட்டினார்கள். பதினோராம் நாள் ரோஸ்டரில் முழு ஸ்டாஃபாகப் பெயர் ஏறிவிட்டது. வழிகாட்டியாக ஒரு மூத்த சிஸ்டரை நியமித்திருக்கிறார்கள். அவருக்குப் பகல் டியூட்டி, இவருக்குப் பெரும்பாலும் இரவு. இதுவரை மூன்று முறைதான் இருவரும் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள்.

மூன்று சம்பவங்களை விவரமாக எழுதியிருக்கிறார். முதலாவது, நடுவயது நோயாளி ஒருவர் இரவு முழுக்க வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். "நோயாளி அமைதியில்லாமல் இருக்கிறார்" என்று டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தார். ஏற்கெனவே போட்ட ஊசியை இன்னொரு முறை போடச் சொன்னார்கள். போட்டார். விடிவதற்குள் அந்த மனிதரின் நிலை மோசமானது. மருந்தின் பக்கவிளைவு என்று காலையில் வந்த சிஸ்டர் கண்டுபிடித்தார். இரண்டாவது, தன் வயதையொத்த ஒரு பெண் நோயாளி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் உயிரை விட்டுவிடப் போவதாகச் சொன்னார். இரவு முழுக்கத் தவித்துவிட்டு மறுநாள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பெண் இவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மூன்றாவது, வெளியே போக வேண்டும் என்று கதவருகே வந்த நோயாளியைத் தடுத்தபோது கன்னத்தில் அறை விழுந்தது. "மனநல வார்டுல இதெல்லாம் சகஜம்மா" என்றார்கள்.

"ஒவ்வொரு டியூட்டிக்கும் முன்னால் வயிறு கலங்குகிறது. இந்த வேலைக்கு வேண்டிய மன உறுதி எனக்கு இல்லையோ? உதவி கேட்டால் தகுதிகாண் அறிக்கையில் எழுதிவிடுவார்களோ? பொது வார்டுக்கு மாறிவிடட்டுமா? இங்கேயே இருந்தால் படித்த கைவேலை எல்லாம் மறந்துவிடும் என்றும் தோழிகள் சொல்கிறார்கள்" என்று முடிகிறது கடிதம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் மாற்றல் கேட்டு எழுதாதீர்கள். இப்படியே இன்னும் நான்கு மாதம் ஓட்டவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. மூன்று சம்பவத்திலும் நீங்கள் கவனித்திருக்கிறீர்கள், யாரிடமாவது சொல்லியும் இருக்கிறீர்கள். அதற்குப் பிறகு உங்களை உட்காரவைத்து, "என்னம்மா நடந்தது, அப்போ உனக்கு என்ன தோணுச்சு, இன்னொரு முறை வந்தா என்ன செய்வே?" என்று கேட்க ஒருவரும் வரவில்லை. மன உறுதி இல்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்கிறீர்கள். எனக்கு இது ஆதரவில்லாமல் விடப்பட்ட ஒரு புதிய செவிலியரின் கடிதமாகத்தான் தெரிகிறது. நானும் அப்படி விடப்பட்டவள். இருபத்தேழு வருடம் மனநல வார்டுகளில் வேலை பார்த்துவிட்டு, இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பயத்தைப் பற்றி

நல்ல மனநலச் செவிலியருக்குப் பயமே வராது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது உண்மையில்லை. நம் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்கச் செவிலியர், செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையைக் கொண்டுசெல்கிறது என்று 1952-இல் எழுதினார். பதற்றத்தை லேசானது, மிதமானது, கடுமையானது, பீதி என்று நான்கு படியாகப் பிரித்துக் காட்டியவரும் அவர்தான். பதற்றம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவும் என்பது அவர் வலியுறுத்திய விஷயங்களில் ஒன்று. பீதியில் இருக்கும் ஒருவர் பக்கத்தில் போய் நிற்கும்போது உங்கள் வயிறு கலங்குகிறதென்றால், அவருக்குள் நடப்பது உங்களுக்கு எட்டிவிட்டது என்று பொருள். எனக்கு இன்றும் கலங்கும். கலங்கியதும் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது, கூட யார் இருக்கிறார்கள், இவர் கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். வேறெதுவும் சொல்லாத செய்தியை அந்தப் பயம் எனக்குச் சொல்கிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. நோயாளி எதிரில் வந்து, டியூட்டி முடிந்ததும் அடங்கிவிடும் பயம் வேறு. விடுமுறை நாளிலும் விடாமல், தூக்கத்தைக் கெடுத்து, சாப்பாட்டை மறுக்கவைத்து, அந்த அறை விழுந்த நொடியையே திரும்பத் திரும்பக் கண்முன் கொண்டுவரும் பயம் வேறு. இரண்டாவது வகை வாரக்கணக்கில் நீடித்தால் நீங்களே ஒரு மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்க வேண்டும். வார்டுக்குத் தொடர்பில்லாத ஒருவராக இருந்தால் மனம்விட்டுப் பேசலாம்.

இரவெல்லாம் நடந்த மனிதர்

உங்களை மிகவும் அரிப்பது இதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவருக்கு வந்தது அகதீசியா. உட்கார இயலாமை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து, 1901-இல் லாடிஸ்லாவ் ஹாஷ்கோவெட்ஸ் என்ற செக் மருத்துவர் வைத்த பெயர். அப்போது இன்றைய மனநோய் மருந்துகள் எதுவும் கிடையாது. இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த மருந்துகளால், குறிப்பாக ஹாலோபெரிடால் போன்றவற்றால் வருவது. மருந்து தொடங்கிய சில நாட்களிலோ டோஸைக் கூட்டிய பிறகோ தலைகாட்டும். காலுக்குள் ஏதோ ஊர்வது போல, தோலுக்குள்ளிருந்து யாரோ விரட்டுவது போல இருக்கும் என்று நோயாளிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தாங்க முடியாத வேதனை அது. சிலரைத் தற்கொலை எண்ணம் வரை தள்ளிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ நோய் முற்றிக் கிளர்ச்சி கூடியது போலவே தோன்றும். அதே மருந்தை இன்னும் கொடுத்தால் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிய கதைதான்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? கேட்டுத்தான். "உட்கார உங்களுக்கு விருப்பமில்லையா, உட்கார முடியவில்லையா?" என்று கேளுங்கள். "மனசு பதறுதா, காலு பதறுதா?" என்று கேளுங்கள். பலர் தெளிவாகவே பதில் சொல்வார்கள். இதை அளக்க 1989-இல் தாமஸ் பார்ன்ஸ் உருவாக்கிய அளவுகோல் ஒன்று உண்டு. சாதாரணமாகப் பேசிக்கொண்டே நோயாளியைக் குறைந்தது இரண்டு நிமிடம் உட்காரவைத்தும், இரண்டு நிமிடம் நிற்கவைத்தும் கவனித்து, அதன்பின் உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. உங்கள் வார்டில் அந்தத் தாள் இல்லையென்றால் இன்சார்ஜிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

அடுத்தது போனில் சொன்ன விதம். "அமைதியில்லாமல் இருக்கிறார்" என்பது நீங்கள் எடுத்த முடிவு, பார்த்த காட்சியல்ல. தூக்கக் கலக்கத்தில் போனை எடுத்த டாக்டருக்கு அந்த ஒரு சொல்லுக்குரிய பதில்தான் வந்தது. அன்றிரவு இப்படிச் சொல்லியிருக்கலாம்: "டாக்டர், எட்டாம் படுக்கை நோயாளி. மூன்று நாளாக ஹாலோபெரிடால் போகிறது, நேற்று டோஸ் கூடியிருக்கிறது. இரவு 11 மணியிலிருந்து இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரவில்லை. கோபமில்லை, மிரட்டவில்லை, காலுக்குள் ஊர்வது போல இருக்கிறது என்கிறார். பக்கவிளைவோ என்று சந்தேகப்படுகிறேன். ஊசிக்கு முன் நீங்கள் வந்து பார்க்க வேண்டும்." இப்போது என்ன, இதற்கு முன் என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. போனை எடுப்பதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு பேசுங்கள். நானும் பல வருடம் அப்படித்தான் பேசினேன்.

உங்கள் மீது தவறே இல்லை என்று தேற்ற மாட்டேன். ஒரு மனிதர் ஒரு இரவு முழுக்க வேதனைப்பட்டார், அதில் உங்கள் பங்கும் இருக்கிறது. ஆனால் நான்கு மாத அனுபவமுள்ளவரை இரவில் தனியாக விட்டவர்களின் பங்கும் நேரில் வராமல் உத்தரவு சொன்னவரின் பங்கும் அதே அளவு இருக்கின்றன. முழுப் பாரத்தையும் நீங்கள் ஒருவரே தூக்கிக்கொண்டால் இந்தத் தவறு வார்டில் திருத்தப்படாமலே போய்விடும். அவர் இன்னும் அங்கே இருந்தால், டாக்டரிடமும் இன்சார்ஜிடமும் கலந்துகொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். "அன்னைக்கு ராத்திரி நீங்க பட்ட கஷ்டம் மருந்தாலே வந்ததுன்னு எனக்கு அப்போ புரியலை" என்று சொல்லுங்கள். நோயாளிகள் இதை மறக்க மாட்டார்கள்.

கொடுத்த சத்தியம்

இன்சார்ஜிடம் சொன்னது சரி. ஒரு இரவு காத்திருந்தது சரியில்லை. உயிர் ஆபத்து என்று காதில் விழுந்தால் அதே ஷிஃப்டில், அதே மணி நேரத்தில் சொல்லிவிட வேண்டும், கேஸ் ஷீட்டில் அவர் சொன்ன சொற்களாகவே எழுதிவிட வேண்டும். உங்களைச் சிக்கவைத்தது அந்த வாக்குறுதி. கேட்பதற்கு முன்பே ரகசியம் காப்பதாக நாம் யாருக்கும் சொல்ல முடியாது.

அடுத்த முறை யாராவது சத்தியம் கேட்டால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நீங்க சொல்றதைச் சம்பந்தமில்லாத யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, உங்களைப் பார்த்துக்கிற டாக்டர்கிட்டயும் சிஸ்டர்கிட்டயும் சொல்லித்தான் ஆகணும். சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்." இதைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடுவாரோ என்று தோன்றும். சிலர் நிறுத்துவார்கள். பெரும்பாலோர் சிறிது நேரம் கழித்துச் சொல்லிவிடுவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். யாராவது தடுக்க வேண்டும் என்ற ஆசையும் சொல்ல வந்தவருக்குள் எங்கோ இருக்கிறது.

"அதைப் பற்றித் திரும்பக் கேட்காதே, இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடும்" என்று ஒரு சீனியர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இது பரவலான தவறான நம்பிக்கை. தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. என் முதல் வருடத்தில் ஒரு முதியவர் "இனி இருந்து என்ன ஆகப்போகுது" என்றார். "அப்படியெல்லாம் பேசக் கூடாது தாத்தா" என்று நான் அவர் வாயை அடைத்தேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையுமே சொல்லவில்லை. அவர் முகம் இன்னும் நினைவில் நிற்கிறது. சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "சாகணும்னு எண்ணம் வருதா? எப்பல்லாம் வருது? அதுக்கு ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கீங்களா? இதுவரைக்கும் உங்களைத் தடுத்தது எது?"

இதில் இன்னும் அவசரமான ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் சொன்னது "வீட்டுக்குப் போனதும்" என்று. மனநல வார்டிலிருந்து வெளியேறிய முதல் சில நாட்களும் வாரங்களும் தற்கொலை ஆபத்து மிகுந்த காலம் என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட விஷயம். எனவே டிஸ்சார்ஜ் தேதி முடிவாவதற்குள், எண்ணம் வருவதற்கு முன் அவருக்குத் தெரியும் அறிகுறிகள் எவை, அப்போது தானே என்ன செய்துகொள்வார், யாரைக் கூப்பிடுவார், வீட்டில் எதை அகற்றிவைக்க வேண்டும், எத்தனை நாளில் திரும்பி வந்து பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் அவருடன் உட்கார்ந்து அவர் கையாலேயே எழுதவைக்க வேண்டும். இது செய்தாகிவிட்டதா என்று இன்சார்ஜிடம் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அவரிடம் போய், "சத்தியத்தை மீறினேன், அதுக்கு மன்னிச்சிடுங்க. நீங்க உயிரோட இருக்கணும்னுதான் சொன்னேன், அதுக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கன்னத்தில் விழுந்த அறை

சகஜம் என்ற சொல் எனக்கு ஆகாது. அடிக்கடி நடக்கிறது என்பதாலேயே ஒன்றை எழுதாமல் விட்டுவிடலாம் என்றால், இரவில் ஆள் போதவில்லை என்பதற்கு நிர்வாகத்திடம் காட்ட ஒரு தாள்கூட இருக்காது. இப்போதும் எழுதலாம். தேதி, நேரம், அப்போது எத்தனை ஸ்டாஃப், எத்தனை நோயாளி, அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள், எங்கே அடிபட்டது என்ற விவரங்கள் போதும். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். காதில் இரைச்சலோ தாடையில் வலியோ இன்னும் இருந்தால் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அடித்ததற்கு நீங்கள் காரணமல்ல. அதோடு, நின்ற இடத்தை மாற்றியிருக்கலாம் என்பதும் உண்மை. வெளியேறத் துடிப்பவர் கண்ணுக்கு, கதவை மறித்த கை ஒரு சுவராகத்தான் தெரியும். இரண்டு கை நீளமாவது விலகி, சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். ஒருவர் மட்டும் பேச வேண்டும். பீதியில் இருப்பவர் காதில் நீளமான வாக்கியம் ஏறாது. "நான் இங்கேதான் இருக்கேன். உட்கார்ந்து பேசலாமா, நடந்துக்கிட்டே பேசலாமா?" என்று இரண்டு வழியை முன்வையுங்கள். பயிற்சி பெறாமல் நோயாளியைப் பிடித்து அடக்கும் வேலையில் இறங்காதீர்கள். கவிழ்த்துப் போட்டு முதுகில் பாரம் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும், அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. "எனக்கு அந்தப் பயிற்சி இல்லை, நான் மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்வது கீழ்ப்படியாமை ஆகாது.

ஸேஃப்வார்ட்ஸ் என்றொரு முறை இருக்கிறது. லென் பவர்ஸ் என்ற பிரிட்டிஷ் மனநலச் செவிலியப் பேராசிரியரின் குழு உருவாக்கியது. பத்து எளிய பழக்கங்கள். கெட்ட செய்தியைச் சொல்வதற்கு முன் தயாராவது, மறுக்கும்போது சொல்லைத் தேர்ந்தெடுப்பது, ஒரு கலவரம் நடந்தபின் அதைப் பார்த்த நோயாளிகள் ஒவ்வொருவரிடமும் போய் ஆறுதலாகப் பேசுவது போன்றவை. 31 வார்டுகளில் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். மோதல்கள் சுமார் 15 சதவீதமும், கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் சுமார் 26 சதவீதமும் குறைந்தன. உங்களுக்கு அறை விழுந்ததைப் பார்த்த மற்ற நோயாளிகளிடம் அன்றிரவு யாராவது பேசினார்களா? அவர்களும் பயந்துபோய்த்தான் படுத்திருப்பார்கள்.

மறந்துபோகும் என்று சொல்லப்படும் கைவேலை

மனநல வார்டில் உடலைப் பார்க்கும் கண் மழுங்கிவிடும் என்று தோழிகள் சொல்வது, இங்கே வேலை பார்க்காதவர்கள் சொல்வது. காய்ச்சல், இரும்புத்தடி போல் விறைத்த உடல், வியர்வை, ஏறி இறங்கும் ரத்த அழுத்தம், குழப்பம் இவை சேர்ந்து வந்தால் மருந்தால் வரும் உயிராபத்து என்று முதலில் உணர வேண்டியவர் நீங்கள். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மருந்து எடுப்பவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, பெரிதாகக் கை நடுக்கம், தள்ளாட்டம் என்றால் உடனே ரத்தத்தில் அந்த மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மனச்சிதைவுக்குக் குளோசபின் மருந்து எடுப்பவரின் தொண்டை வலியும் காய்ச்சலும் வெள்ளையணுக்கள் குறைவதைக் காட்டலாம். அவருடைய மலச்சிக்கலும் உயிரைக் குடிக்கக்கூடியது. அமைதிப்படுத்தும் ஊசிக்குப் பிறகு நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், வெப்பம், நினைவு நிலை எல்லாவற்றையும் மணிக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். இதைவிடக் கூர்மையான கண் வேறெங்கே வேண்டும்?

யாரிடம் எதைக் கேட்பது

ஒரே சிஸ்டர் எல்லாமாக இருப்பார் என்று எதிர்பார்த்து ஏமாந்திருக்கிறீர்கள். பக்கத்தில் நின்று வேலை சொல்லித்தருபவர் ஒருவர். உங்கள் தொழில் வாழ்க்கையை நெடுநாள் பார்த்து யோசனை சொல்லும் வழிகாட்டி இன்னொருவர். நடந்ததை உட்கார்ந்து அலசும் சந்திப்புக்கு வேறொருவர். அறிக்கை எழுதும் இன்சார்ஜ் இவர்களில் சேராதவர். இந்த அலசும் சந்திப்புக்கு மூன்று பயன்களை பிரிட்டனைச் சேர்ந்த பிரிஜிட் ப்ராக்டர் 1980-களில் வகுத்துச் சொன்னார். கற்றுக்கொள்வது, ஒழுங்கையும் பாதுகாப்பையும் சரிபார்ப்பது, களைத்த மனத்தைத் தேற்றுவது. மூன்றில் எது தேவை என்று தெரிந்து கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். முடிந்தால் அறிக்கை எழுதுபவரும் அலசுபவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும்.

உதவி கேட்டால் குறிப்பில் ஏறும் என்ற பயம் அடியோடு தவறு என்று சொல்ல முடியாது. சில இடங்களில் அப்படியும் நடக்கிறது. எனவே எப்படிக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். "சமாளிக்க முடியலை சிஸ்டர்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "அகதீசியாவைக் கண்டுபிடிக்கவும் தற்கொலை எண்ணத்தைக் கேட்கவும் எனக்குப் பயிற்சி வேண்டும். அடுத்த மாதம் நான்கு ஷிஃப்ட் வழிகாட்டி சிஸ்டருடன் ஒரே நேரத்தில் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச அனுமதி கொடுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். நோயாளியின் பாதுகாப்புக்காகக் கேட்கப்பட்ட பயிற்சி என்று அது பதிவாகிவிடும். இதை மறுப்பது கடினம், மறுத்தால் அந்த மறுப்பும் எழுத்தில் இருக்கும்.

போவதா, இருப்பதா

செவிலியரின் வளர்ச்சியைப் புதியவர், தேறத் தொடங்கியவர், திறன் பெற்றவர், கைதேர்ந்தவர், வல்லுநர் என்று ஐந்து படியாக பாட்ரிசியா பென்னர் 1984-இல் எழுதினார். திறன் பெற்றவர் என்ற மூன்றாம் படிக்கு வரவே ஒரே மாதிரியான சூழலில் இரண்டு மூன்று வருடம் ஆகும் என்றார். நான்கு மாதத்தில் உங்கள் மீது தீர்ப்பு எழுத முடியாது, வார்டின் மீது எழுதலாம். கேட்டுக் கடிதம் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் பாருங்கள். சேர்ந்த ஷிஃப்டும் சந்திப்பும் நடக்கத் தொடங்கினால் இருங்கள். ஒன்றுமே நடக்கவில்லை, எழுதிய சம்பவ அறிக்கையைக் கிழிக்கச் சொல்கிறார்கள், தூக்கம் திரும்பவில்லை என்றால் மாறிவிடுங்கள். அப்போதும் பொது வார்டு மட்டுமே வழி என்றில்லை. சமூக மனநலம், குழந்தைகள் மனநலம், போதை மீட்பு என்று நிறைய இடங்கள் இருக்கின்றன.

முதல் சந்திப்புக்கு இரவெல்லாம் நடந்தவரைப் பற்றி நான்கு வரி எழுதி எடுத்துப் போங்கள், பெயரும் படுக்கை எண்ணும் இல்லாமல். பார்த்தது என்ன, நினைத்தது என்ன, செய்தது என்ன, தெரியாமல் போனது என்ன. சத்தியம் வாங்கிய பெண்ணைப் பற்றி இரண்டாம் சந்திப்பில் பேசுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முழுதாக வேண்டும்.